நாற்காலி இல்லாத பர்கர் கடை

சமைத்துப் போடும் தொழிலில் இருந்துகொண்டே சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்காத கூட்டம் ஒன்று உண்டென்றால், அது ஆப்பில் மட்டும் கடை நடத்துகிற எங்கள் கூட்டம்தான். பர்கருக்கு ஆர்டர் போட்டுவிட்டு, ஃபோன் வரைபடத்தில் நகராமல் நிற்கும் ஸ்கூட்டரை நீங்களும் வெறித்திருப்பீர்கள். அதே ஸ்கூட்டரை இந்தப் பக்கமிருந்து வெறித்தவன் நான். ஆக, நாம் பட்ட பாடு ஒன்றுதான்.

புனேயில், விஷ்ராந்த்வாடியில், ஒரு லாண்டரிக்குப் பின்னால் இருந்தது எங்கள் அறை. ஒரு பெரிய தவா, எண்ணெய்ச் சட்டி, ஃப்ரிட்ஜ், ஆர்டர் வந்தால் 'டிங்' என்று அடிக்கும் ஒரு டேப்லட். தவாவில் நிற்பது என் கூட்டாளி சந்தோஷ், அந்த ஊர் மராத்திக்காரன். பெட்டி கட்டுவது நான். இப்போது அந்தக் கட்டடமே இல்லை. இருந்தாலும் எங்காவது வெங்காயம் வதங்குகிற வாசனையோடு இஸ்திரிச் சூடும் சேர்ந்து வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது.

எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்ததும் அப்போதுதான். கசார்வாடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிக்காஹில் நஸ்ரீனைப் பார்த்தேன். இருவருக்கும் பிடித்துவிட்டது. அவளுடைய வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து ஆகுர்டியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மாப்பிள்ளையின் கடையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சம்மதம் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களிடம் இது வழக்கம்தான். ஆனால் காட்டுவதற்கு ஒரு கடை வேண்டுமே.

லாண்டரிக்காரர்

எங்களுக்கு போர்டு கிடையாது. வரைபடத்தில் எங்கள் புள்ளி சரியாக லாண்டரியின் மேஜை மேல் விழும். டெலிவரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் போய், "ஆர்டர் ரெடியா?" என்பார்கள். அவர் பழக்கதோஷத்தில், "ரசீது எங்கே?" என்பார். ஒருநாள் யாரோ ஒருவருடைய ஷெர்வானியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பியே விட்டான் ஒருவன். சந்தோஷ் தெருமுனை வரை ஓடிப் பிடித்தான்.

அன்று லாண்டரிக்காரர் எங்கள் அறைக்கு வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "நாளையிலேர்ந்து நீங்க துணி தேயுங்க, நான் பர்கர் விக்கிறேன். வர்றவன் எல்லாம் எங்கிட்டதானே வர்றான்."

கோபக்காரர்

இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆப்பில் நாங்கள் மூன்று கடை. மூன்று பெயர், மூன்று நிறப் பெட்டி. அடுப்பு ஒன்றுதான். சிவப்புப் பெட்டிக் கடையில் வாங்கிய ஒருவர் பன் நமுத்துப்போயிருந்ததாக ஃபோனில் பிடிபிடியென்று பிடித்தார். இனி செத்தாலும் உங்களிடம் வாங்க மாட்டேன் என்று வைத்தார். அடுத்த நிமிடம் 'டிங்'. கறுப்புப் பெட்டிக் கடைக்கு அதே மனிதரின் ஆர்டர்.

சந்தோஷ் பன்னைக் கூடுதலாக வாட்டினான். நான் கறுப்புப் பெட்டியில் கட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டு மனமாரப் பாராட்டினார்: "பர்கர்னா இதுதான் பர்கர். உங்க பக்கத்துல சிவப்புப் பெட்டியில விக்கிறானே, அவனக் கூப்பிட்டு ஒரு தடவை இதச் சாப்பிடச் சொல்லுங்க."

மழை நாள்

ஆடி மாத மழையில் புனே சாலைகள் படுத்துவிட்டால் ஆர்டரும் படுத்துவிடும். டெலிவரிக்காரர்கள் எங்கள் ஷட்டருக்குள் வந்து ஒண்டுவார்கள். சந்தோஷ் உருளைக்கிழங்கை மசித்து, வடை போட்டு, மிஞ்சிய பர்கர் பன்னுக்குள் பூண்டுப் பொடியோடு வைத்துக் கொடுப்பான். எத்தனையோ பர்கர் கட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் கையால் சமைத்ததை மனிதர்கள் கண்ணெதிரே தின்றது அந்த மழை நாட்களில் மட்டும்தான். அதற்காகவே மழை பெய்யட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

ஈர ரெயின்கோட்டோடு ஒருவன் மூன்றாவதைக் கடித்தபடி மராத்தியில் சொன்னான்: "முதலாளி, பர்கரைத் தூக்கிப் போட்டுட்டு இத ஆப்புல போடுங்க."

பெண் வீட்டார்

சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் நஸ்ரீனின் வாப்பா வந்து நின்றார். உட்காரச் சொல்ல இடமில்லை. மாவு டின்னைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. பாத்திரக்கடைக்காரர் அல்லவா, தவாவை மட்டும் விரலால் தட்டிப் பார்த்து, "நல்ல கனம்" என்றார். நல்ல வியாபார நேரம்தான் அது. ஆள் மாற்றி ஆள் வந்து பை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பெருமையோடு அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, குறை சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. நான் நின்ன நேரத்துல ஒரு மனுசன் உள்ள வந்து சாப்பிடல. வந்தவன்லாம் பையத் தூக்கிட்டு ஓடுதான். இத நம்பி எம்புள்ளய எப்படிக் குடுக்கது?"

அன்று நான் கட்டிய பெட்டிகளில் சாஸ் வைத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

குறைந்த பெட்டி

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு மதியம். ஆளந்தி சாலையில் ஒரு ஃபிளாட்டிலிருந்து கறுப்புப் பெட்டிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. போய்ச் சேர்ந்ததும் ஒரு பெட்டி குறைகிறதென்று ஆப்பில் புகார். புகார் தீராமல் இருந்தால் ரேட்டிங்கில் ஸ்டார் போகும். ஸ்டார் போனால் ஆப் எங்களை எங்கோ அடியில் தள்ளிவிடும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இன்னொரு பெட்டியை நானே கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்தவர் நஸ்ரீனின் வாப்பா. அது அவருடைய தங்கை வீடாம். தாடியில் சாஸ், கையில் பாதி பர்கர். ஹெல்மெட்டுக்குள் இருந்த என்னை அவருக்குத் தெரியவில்லை. பெட்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு அன்பாகக் கேட்டார்: "தம்பி, இந்தக் கடை எங்கெ இருக்கு? ஒரு நாளு நேர்ல போய்ச் சாப்பிடணும்."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். பின்னாலிருந்து நஸ்ரீன், சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளுடைய புனேத் தமிழில் சொன்னாள்: "வாப்பா, நீங்க ஆல்ரெடி போயிட்டு வந்தாச்சு."

அன்றைய ஆர்டரும் புகாரும் வந்தது நஸ்ரீனின் ஃபோனிலிருந்துதான். பெட்டி நிஜமாகவே குறைந்ததா என்று கேட்டால் மட்டும் இன்றுவரை என் மனைவி பேச்சை மாற்றிவிடுகிறாள். இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தது தான்தான் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் மறுப்பதில்லை.