பெண் பார்க்க வந்த அன்று வந்த தும்மல்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை என் மூக்குக்கு மிளகுதான் எதிரி என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு எதிரே மிளகுக் கிடங்கு. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. காலையில் கண் விழித்ததும் தும்மத் தொடங்குவேன். மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். பாவம் அப்பா, ஏதோ குற்றம் செய்தவரைப் போல, சட்டையை வெளியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

எங்களோடு இருந்த சித்திதான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"மிளகு அல்ல மோளே, உன் படுக்கையாணு வில்லன்," என்றார் அவர் மலையாளம் கலந்த தமிழில். கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி அதில் இருக்கிறதாம். இது சளி இல்லை, அலர்ஜி. முழுவதும் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார்.

அன்றிலிருந்து என் மூக்கின் நிர்வாகம் சித்தி கைக்குப் போனது. வாராவாரம் விரிப்பும் தலையணை உறையும் வெந்நீரில் ஊறின. பழைய துணிமணியெல்லாம் பரணுக்கு ஏறின. தினமும் காலையில் மூக்கில் ஸ்பிரே. "நடுவுல அடிக்காதடீ, காதுப் பக்கமா சாய்ச்சு அடி," என்று பக்கத்திலேயே நிற்பாள். சில வாரங்களில் தும்மல் ஓய்ந்தது. அப்பா சட்டையோடு வீட்டுக்குள் வர ஆரம்பித்தார்.

அப்போதுதான் சித்திக்குத் திருப்பூரிலிருந்து வரன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. இடப்பள்ளியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த சித்திக்கு அந்த வேலை உயிர். ஆனாலும் வழக்கம்போலக் கடைக்குப் போய்வந்தாள். அந்த வாரம் முழுக்க எனக்கு ஸ்பிரே எடுத்துத் தர மட்டும் மறந்துபோனாள். அவர்கள் வந்த அன்று, பரணிலிருந்த பழைய ஜமுக்காளத்தை இறக்கி, நன்றாக உதறி விரித்து, என்னை அதன் நடுவில் உட்காரவைத்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. தேதி..."

தும்மினேன். அவர் பொறுமையாக மறுபடி, "தேதி..." என்றார். அவருடைய காப்பி டம்ளர்வரை தெறிக்கத் தும்மினேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

"சகுனம் சரியில்லீங்க," என்று எழுந்துவிட்டார்.

அம்மா என்னை முறைத்த முறைப்பில் அழுதுவிட்டேன். மாலையில் சித்தி என்னைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போய் சர்பத் வாங்கித் தந்தாள்.

"எல்லாம் என்னாலதான் சித்தி."

"ஆமாடீ தங்கம், உன்னாலதான்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

துக்கத்தை மறைக்கத்தான் அப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஸ்பிரே மறக்காமல் வந்தது. ஜமுக்காளம் துவைத்து வெயிலில் கிடந்தது. நானோ, அதே திருப்பூர் மாப்பிள்ளை மனம் மாறித் திரும்பி வரவேண்டும் என்று வெகுநாள் சாமியிடம் உருகி வேண்டிக்கொண்டிருந்தேன். சித்திக்கு நான் நினைத்த ஒரே கெடுதல் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.