கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனம்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த காலத்தில், ரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மாமா வீட்டில் மட்டும்தான் கம்ப்யூட்டர் இருந்தது. மாமா, அம்மாவின் தம்பி. கரவனெல்லை டவுனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்தவர். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது எங்கள் எல்லோருடைய எண்ணம், முக்கியமாக அவருடைய எண்ணம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதில் முகம் காட்டிப் பேசுவாள். ஒப்பந்தம் முடிந்து பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்று நான் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

ஆயுத பூசை வந்தது. அப்பா ரப்பர் பால் வெட்டும் கத்திக்குப் பொட்டு வைத்தார். மாமாவின் மனைவியான அத்தை கம்ப்யூட்டரைச் சும்மா விடுவாரா? வயர்களைக் கழற்றித் துடைத்து, முன்பக்கம் பின்பக்கம் பாராமல் குழைத்த சந்தனத்தை அப்பினார். மறுநாள் வெள்ளிக்கிழமை. மாமா வயர்களை மாட்டினார். அம்மாவின் முகம் வந்தது, வாய் அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

மாமா ஸ்பீக்கரைத் தட்டினார். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். தெரணியகலையில் இருந்த சிநேகிதனுக்குப் போன் எடுத்து, "சத்தே நே மச்சான்", சத்தமே இல்லை என்று சிங்களத்தில் முறையிட்டார். கட் பண்ணிவிட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லலாமா என்று அப்பா கேட்டார்.

"வேணாம் மச்சான், அந்த வீட்டம்மா திரும்ப விடமாட்டாங்க. இந்தா வந்துரும்" என்றார் மாமா, மேசைக்கு அடியிலிருந்து.

"கேக்கலன்னு சொன்னா அண்ணி கவலப்படுவாங்க. சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுங்க" என்றார் அத்தை.

ஆட்டினோம். அம்மா ஏதோ கேட்டாள், அதற்கும் ஆட்டினோம். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் எல்லோரையும்விட வேகமாக ஆட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோசத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகுதான் மாமா டோர்ச் அடித்துப் பார்த்தார். ஸ்பீக்கர் வயர் போகும் பச்சை ஓட்டைக்குள்ளும், பக்கத்தில் மைக் வயர் போகும் ஓட்டைக்குள்ளும் சந்தனம் இறுகிக் கிடந்தது. ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்ததும் மாமா போட்டுப் பார்த்த பாட்டு லயமே அதிரக் கேட்டது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார், நான் கைதட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வச்சிட்டேங்க. இருக்கவான்னு கேட்டப்ப எல்லாரும் சரின்னு தலைய ஆட்டுனீங்களே. பிள்ளையும்தானே ஆட்டுச்சு."

மாமா வாயைத் திறந்தார். அப்பா அவர் கையைப் பிடித்து அமுக்கினார்.

"ஆமா, நாங்கதான் சொன்னோம். இருந்துட்டு வா" என்றார் அப்பா.

அப்பா ஏன் பொய் சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று, இனி உண்மை தெரிந்தால் தவித்துப்போவாள் என்று அவர் நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு வருசமும் அம்மா அந்நியர் வீட்டில் பாத்திரம் கழுவியபடி, தன்னை வரவேண்டாம் என்று தன் பிள்ளையே சிரித்துக்கொண்டு சொன்னதாக அல்லவா நினைத்திருப்பாள்.