இரண்டு அட்டை, ஒரே கத்தரிக்கோல்

என் நாட்குறிப்பில் மாசி மாதப் பக்கங்களுக்கு நடுவே இரண்டு மாத்திரை அட்டைத் துண்டுகள் இருக்கின்றன. ஒன்று வெள்ளி நிறம். அதில் நான்கு குழிகளும் காலி. இன்னொன்றின் பின்பக்கம் நீலம். மூன்று குழிகளில் இரண்டு காலி, ஒன்றில் ஒரு மஞ்சள் மாத்திரை அப்படியே இருக்கிறது. இரண்டிலுமே மருந்தின் பெயர் இல்லை. மருந்துக் கடைக்காரர் நறுக்கியபோது, பெயர் அச்சிட்டிருந்த பகுதி தனியாகப் போய்விட்டது. ஆனால் இரண்டின் வெட்டு விளிம்பிலும் குருணை அளவுக்கு ஒரே மாதிரியான பிசிறு உண்டு. கடைக்காரருடைய கத்தரிக்கோலின் அலகில் ஓரிடம் உடைந்திருந்தது. எதை வெட்டினாலும் அது தன் அடையாளத்தை விட்டுச்செல்லும்.

நான் ஆற்று மதகில் நீர்மட்டம் குறிக்கும் வேலை பார்ப்பவன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளவுகோலைப் பார்த்து எழுத வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து, பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை, வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், படித்த புத்தகம், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆகவே இங்கே எழுதுவது எதுவும் ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதியதல்ல.

அக்காவின் கணவர், என் அத்தான், அறுவடை இயந்திரம் ஓட்டியவர். சேற்றில் புதையாமல் போகும் பெல்ட் வண்டி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் தை பிறந்தால் மாசி முடியும்வரை அந்த வண்டிக்கும் அவருக்கும் ஓய்வு கிடையாது. மழை வருவதற்குள் நெல்லைக் கரையேற்றிவிட வேண்டும் என்று வயல்காரர்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். சாகும்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. பத்து வருடம் முன்பு தஞ்சாவூரில் இருதய வால்வு மாற்றினார்கள். அதன்பிறகு இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் ஒரு மாத்திரை. அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. மாதந்தோறும் எங்கள் கடைத்தெருவில் இருந்த அதே மருந்துக் கடையில் வாங்குவார். கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே சீட்டுக் கேட்காமல் அந்த வெள்ளி அட்டையை எடுத்து நறுக்கிக் கொடுப்பார். அவ்வளவு பழக்கம்.

அதே கடையில்தான் 'செட்டு' விற்றது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இடுப்பு வலி, கை கால் குடைச்சல், காய்ச்சல் எதுவானாலும் "ஒரு செட்டு குடுங்கண்ணே" என்றால் போதும். இரண்டு மூன்று மாத்திரைகளை வெட்டிக் காகிதத்தில் மடித்துத் தருவார். பெயரும் இல்லை, சீட்டும் இல்லை. அறுவடைக் காலத்தில் வண்டி ஓட்டுபவர்கள் டீ குடித்துவிட்டு ஆளுக்கொரு செட்டு வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குவார்கள். அத்தானும் அப்படித்தான், இடுப்பு வலிக்கு. 'என்னைக் கேட்காமல் எந்த மருந்தும் சாப்பிடக் கூடாது' என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தது அவருக்கு மறந்துவிடவில்லை. செட்டை அவர் மருந்தாகவே நினைக்கவில்லை. "மருந்துன்னா டாக்டரு எழுதித் தர்றது மாப்ள. இது டீத்தண்ணி மாதிரி. குடிச்சா ஒடம்பு ஓடும், குடிக்கலன்னா படுத்துக்கும்" என்பார். அந்த இடுப்பு வலியையாவது இருதய டாக்டரிடம் சொல்லலாமே என்றேன் ஒருமுறை. சிரித்தார். "பஞ்சர் ஒட்டுறவன்கிட்டப் போயி இன்ஜின் சத்தத்தச் சொல்லுவியா? திட்டி அனுப்ப மாட்டான்?"

உடம்பு வண்டியல்ல, வயல். எந்த மடையைத் திறந்தாலும் தண்ணீர் அங்கேதான் சேரும். மதகில் வேலை பார்க்கும் எனக்கே இது அப்போது தோன்றவில்லை.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அத்தான் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நாட்குறிப்பில் இருக்கிறது: 'அத்தான் வந்தார். பல் விளக்கும்போது ஈறில் இரத்தம் நிற்கவில்லை என்றார். முழங்கையில் கன்றிய தடம். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லையாம்.' அடுத்த வரியில், வடக்கு வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருப்பதை எழுதியிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு வரிக்கும் ஒரே மசி, ஒரே கையெழுத்து. ஒன்றுக்காக மட்டும் அன்று மாலையே ஆள் அனுப்பினேன். அது ஆகாயத்தாமரைக்கு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வயலில் தலை வலிக்கிறது என்று வண்டியை நிறுத்தினாராம். இறங்கும்போதே வாந்தி. வரப்பில் உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். தஞ்சாவூர் கொண்டுபோய்ச் சேர்த்தபோது பேச்சு இல்லை. இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் என்று அக்கா சொன்னாள். "அது சரிம்மா, அதோட வேற என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர். சட்டைப் பையில் இந்த இரண்டு அட்டைத் துண்டுகளும் இருந்தன. அவர் நீலத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரே இல்லையே. கொடுத்தவங்களக் கேட்டுச் சொல்லுங்க, சீக்கிரம்." நான் வராந்தாவில் நின்றபடி கடைக்காரருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னார்: "நான் ஒண்ணும் குடுக்கலியே தம்பி. வேற எங்கயாச்சும் வாங்கியிருப்பாரு. நல்லா விசாரிங்க." அடுத்த தடவை கூப்பிட்டபோது போன் அணைந்திருந்தது.

புதன்கிழமை விடியற்காலை அத்தான் இறந்துபோனார். தலைக்குள் இரத்தக் கசிவு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தார், அவரோடு வண்டி ஓட்டிய ஒருவர். அந்த வாரம் கடைக்காரர் ஒரே அட்டையை வெட்டித்தான் இருவருக்கும் செட்டு கொடுத்தார் என்று சொல்லி, தன் பங்குத் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். அதில் பெயர் இருந்தது. அதையும் அத்தானின் நீலத் துண்டையும் சேர்த்து வைத்தேன். பிசிறு பிசிறோடு பொருந்தியது. பெயரை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் இருதய டாக்டரிடம் போனேன். வலி மாத்திரைதான், ஆனால் அத்தான் சாப்பிட்டுவந்த மாத்திரையோடு அது சேரவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் எங்காவது கசிய ஆரம்பித்த இரத்தம் நிற்காது என்றார். நாங்கள் கொண்டுவந்த நேரத்துக்குப் பெயர் தெரிந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்றும் நேர்மையாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அத்தானுக்கு இரண்டு வைத்தியம் நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியாது. மருந்து இன்னதென்று தெரிந்து, வெள்ளி அட்டையையும் நீல அட்டையையும் சேர்த்துப் பார்த்த கண்கள் உலகத்திலேயே இரண்டுதான். இரண்டையும் வெட்டிய கத்தரிக்கோல் ஒன்றுதான்.

மனு எழுதினேன். அதிகாரிகள் வந்தார்கள். கடை ஒரு வாரம் சாத்தியிருந்தது, பிறகு திறந்தது. ஜனங்கள் பழையபடி போனார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன். கல்லெறியவில்லை, சண்டைக்குப் போகவில்லை. அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு, கடையில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அண்ணே, எங்க அத்தான் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறாரு. இடுப்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க. குடுக்கலாமா?"

ஊருக்கே தெரியும் அத்தான் செத்துப்போனது. கடைக்காரரின் கத்தரிக்கோல் பாதி அட்டையில் நின்றது. "என்ன தம்பி இது" என்றார், உதடு மட்டும் அசைய. நான் பதிலுக்காக நின்றேன். வரவில்லை. திரும்பிவிட்டேன்.

மாதம் தவறாமல் போனேன். ஐப்பசி மழையில் குடை பிடித்துப் போனேன். என்னைத் தூரத்தில் கண்டாலே அவர் உள்ளே போய் அட்டைப்பெட்டி அடுக்குவார். வெளியே வரும்வரை நிற்பேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் ஒருநாள், "அப்ப சுகர் மாத்திரையோட இதச் சாப்பிடலாமாங்க?" என்று கேட்டுவிட்டாள். அதன்பிறகு ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். "என்ன டாக்டரே, எங்களுக்கும் பேரில்லாத மாத்திரைதானா?" என்று வண்டிக்காரப் பையன்கள் கடைக்காரரைச் சீண்டினார்கள். செட்டு விற்பது தானாகவே நின்றுபோனது. நல்லது செய்துவிட்டாய் என்று சிலர் சொன்னார்கள். நான் நல்லதுக்காகப் போகவில்லை. அவர் முகம் வெளுப்பதைப் பார்க்கப் போனேன். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவுகளில் நன்றாகத் தூங்கினேன்.

கார்த்திகையில் பார்த்தால், கையில் புதுக் கத்தரிக்கோல்.

"பழசு எங்கண்ணே?"

"மொண்ணையாப் போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"பரவால்ல, அது வெட்டுனது என்கிட்ட பத்திரமா இருக்கு."

இத்தனை மாதமும் அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "அடுத்த செவ்வாக்கெழம என்னையும் கூப்புடு" என்றாள்.

போன வாரம் சேர்ந்து போனோம். மறுபடி மாசி, கடைத்தெருவில் வைக்கோல் தூசு பறந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அக்கா முன்னால் போய்க் கண்ணாடி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறாரு. இடுப்பு வலின்னு சொல்றாரு. ஒரு செட்டு குடுக்கலாமா?"

கடைக்காரர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "கூடாது தங்கச்சி. ரெண்டும் சேரக் கூடாது" என்றார். எல்லோருக்கும் கேட்டது.

அக்கா அசையவில்லை. "இதச் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். அவர் தலை குனிந்தது. அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் என் கண் கைக்கடிகாரத்தில்தான் இருந்தது; அளவெடுப்பவனின் பழக்கம். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். இரண்டு அட்டைத் துண்டுகளையும் எடுத்து, பிசிறும் பிசிறும் தெரியும்படி வைத்துக்கொண்டு எழுதினேன்: 'செவ்வாய். மாலை ஏழு மணி. கடைக்காரர் பதில் சொன்னார். சொல்வதற்கு ஆன நேரம்: மூன்று விநாடி.'

அடுத்த மாதத்து முதல் செவ்வாயையும் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.