உப்பேறிய சீருடை

ஐந்தாம் வகுப்பில் அன்று நீரை உறிஞ்சும் பொருட்கள் பாடம். பன், செங்கல் துண்டு, பழைய துணி, கிழிந்த நைலான் வலை எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றிலும் தண்ணீரைச் சொட்டவிட்டேன். பிள்ளைகளின் கண்ணெல்லாம் பன்மேல்தான். பாதிப் பாடத்தில், ஈரச் சீருடையோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

அந்த மாதம் முழுக்க அவள் தாமதம்தான். இனி ஒரு முறை தாமதமானால் அம்மாவோடு வா என்று, அன்று அவளை உள்ளே விடும்போதே தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள். வேலையை விட்டு வரமாட்டாள். மகளையும் ஏரிக்கே கூட்டிப்போய்விடுவாள். அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நேத்து துணியத் தோச்சி, பழைய டச்சுக்காரன் கல்லறைச் செவுத்துமேல போட்டு, காஞ்சப்புறந்தான் டீச்சர் எடுத்தாந்தேன். விடிஞ்சி பாத்தா ஈரமா கீது. வெயில் வரட்டும்னு நின்னேன்."

பொய் என்று வகுப்பே சிரித்தது. எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"எந்தத் தண்ணியில தோய்ச்ச?"

"ஏரித் தண்ணியிலதான்."

ஒரே துணியை இரண்டாகக் கிழித்து, ஒன்றைக் குடிதண்ணீரிலும் மற்றதை ஏரித் தண்ணீரிலும் அலசினோம். வெயிலில் நன்றாகக் காய்ந்தபின் வகுப்பறைக் கம்பியில் தொங்கவிட்டோம். மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் பள்ளி, சீருடை வேண்டாம். பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள். ஏரித் தண்ணீரில் அலசியது மட்டும் நசநசவென்றிருந்தது. கடலோடு சேரும் எங்கள் ஏரியின் உப்பு துணியில் தங்கி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது என்றேன். கடைசி அலசலை நல்ல தண்ணீரில் செய்தால் போதும் என்றும் சொன்னேன். பாடம் இவ்வளவு கச்சிதமாக அமைவது அபூர்வம். எனக்கு ஏகப் பெருமை.

மாலையில் ஏரிக்கரையில் அவள் அம்மாவைப் பார்த்தபோது அதையே சொன்னேன்.

"குழாயில ரெண்டு கொடந்தான் கெடைக்குது, ஊட்டுக்கே பத்தல. குடிக்கிற தண்ணியில துணி அலசச் சொல்றீங்களே, இன்னா டீச்சர் நீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை மணி அடிக்குமுன்பே அவள் வந்துவிட்டாள். சீருடை மொடமொடவென்று காய்ந்திருந்தது. தலைமையாசிரியர் திருப்தியாகத் தலையாட்டினார். அவள் நேரே தண்ணீர்ப் பானைக்குப் போனாள்.

"இன்னாடி, இந்தக் குடி குடிக்கிற?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"நேத்து எம்பங்குத் தண்ணியில துணி அலசிட்டேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளர் மொண்டாள்.