கிருபாவதி டீச்சரின் அபிப்பிராயம்

ஞானதுரையின் குரலைக் கம்பத்தில் தெரியாதவர்கள் கிடையாது. முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. சினிமாக் கொட்டகையின் விளம்பர வண்டியில், இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டிய தட்டிகளுக்கு நடுவில், மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெளியில் தெரிவது வண்டியோட்டி ஒச்சாண்டியும் அவருடைய ஒற்றை மாடும்தான். வண்டியின் தலையில் கட்டிய குழாயிலிருந்து அவன் குரல் புறப்பட்டால், திராட்சைத் தோட்டத்தில் குனிந்து வேலை பார்ப்பவர்கள்கூட நிமிர்ந்துவிட்டுத்தான் மறுபடி குனிவார்கள். அப்படி ஒரு கம்பீரம். மைக் இல்லாமல் பேசினால் அதே ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிடும். கீச்சென்று கிளம்பி, பாதி வார்த்தை பல்லுக்குள்ளேயே நின்றுபோகும்.

அவன் மனைவி கிருபாவதி, ஊரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தாள். லீவில் போகிறவர்களுக்குப் பதில் ஆளாகச் சேர்ந்தவள், வருஷங்கள் போயும் பதில் ஆளாகவே இருந்தாள். எழுபத்து நாலாம் வருஷம் அந்த வகுப்பின் நிரந்தர டீச்சர் ஓய்வு பெற்றுப் போக, இடம் காலியானது. கோடை விடுமுறைக்கு முன்னால் நிர்வாகக் குழு கூடும், இந்தத் தடவை உனக்கில்லாமல் வேறு யாருக்கு என்று தலைமையாசிரியை கஸ்தூரியம்மாளே சொல்லியிருந்தார். கிருபாவதி அதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி ஜெபத்தில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தது.

வீட்டில் அடுப்பு ஞானதுரையுடையது. டீச்சர் காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். விளம்பர வண்டியோ வெயில் ஏறிய பிறகுதான் புறப்படும். அதனால் கலியாணமான புதிதிலேயே, பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமல், கரண்டி அவன் கைக்கு வந்து சேர்ந்தது. நன்றாகவே சமைப்பான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பான். அம்மிச் சத்தம் தெருவில் கேட்டால், டீச்சரம்மா அரைக்கிறார் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும் என்பது அவன் ஏற்பாடு. கிருபாவதிக்கு இது தெரியும். ஆம்பளைக்கு ஒரு கதவு வேண்டியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள்.

கொட்டகை முதலாளி நல்லகண்ணு, வாழைக்காய் மண்டிக்காரர். புதுப்படப் பெட்டி வராத வாரங்களில் பழைய படம் ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுவார். அப்படி அந்தச் சித்திரையில் வந்தது ஒரு காதல் நகைச்சுவைப் படம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் கட்சி கட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். பெரிய உத்தியோகம் பார்க்கிற பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறான் ஒருவன். வீட்டு வேலையெல்லாம் ஒரு வேலையா என்று அவன் வாயை விட, செய்து காட்டு என்கிறாள் அவள். பிறகு அவன் சாம்பாரைத் தீய்ப்பதும், பட்டுச்சேலையைத் துவைத்துச் சாயம் போக்குவதும், பக்கத்து வீட்டில் கோலம் கற்றுக்கொள்வதும்தான் படம். கடைசியில் அவள் வேலையை விட்டுவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள். சுபம்.

ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வரவில்லை. மேட்டினியில் பெண்கள் பக்கம் வெறும் மணலாகக் கிடந்தது. நல்லகண்ணு ஒரு யோசனை செய்தார். படம் பார்த்து வருகிற பெண்களிடம் அபிப்பிராயம் கேட்டு, மறுநாள் அதை மைக்கில் பேரோடு சொன்னால் மற்றவர்களும் வருவார்கள் அல்லவா?

முதல் நாள் ஞானதுரை யோக்கியமாகத்தான் கேட்டான். பிள்ளை அழுததில் பாதிப் படம் கொட்டகைக்கு வெளியிலேயே போய்விட்டது என்றாள் ஒருத்தி. கதாநாயகி கட்டியிருந்த சேலை மதுரையில் கிடைக்குமா என்று அவனையே திருப்பிக் கேட்டாள் இன்னொருத்தி. சாம்பார் தீய்ந்ததற்கு என்ன சிரிப்பு, எவ்வளவு பருப்பு வீணாய்ப் போச்சு என்று ஒரு அம்மாள் வருத்தப்பட்டார். காய்கறிக் கூடைக்காரி இருளம்மாள், படம் கிடக்கட்டும், இடைவேளை முறுக்கு நமத்துப் போயிருந்தது, அதை மைக்கில் சொல் என்றாள். இதை வைத்துக்கொண்டு எந்த மனிதன் விளம்பரம் செய்வான்? மறுநாள் வண்டி கிளம்பியபோது, "விலா நோகச் சிரித்தேன் என்கிறார் காய்கறி வியாபாரி இருளம்மாள்!" என்று குழாய் முழங்கியது. இருளம்மாள் வண்டியை மறித்துத் திட்டினாள். கூட்டம் கொஞ்சம் கூடியது.

கூடைக்காரி சொல்வதைவிடப் படித்த பெண் ஒருத்தி சொன்னால் இன்னும் எடுபடும் என்றார் நல்லகண்ணு. உன் வீட்டிலேயே ஒரு டீச்சரை வைத்துக்கொண்டு ஏன் ஊரெல்லாம் அலைகிறாய் என்று சேர் டிக்கெட்டுக்குப் பாஸ் ஒன்றும் கொடுத்தார்.

கிருபாவதி அதுவரை கம்பத்துக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. சர்ச்சுக்கு வருகிறவர்கள் யாராவது பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை பேச்சாகும். கணவனின் பிழைப்புக்காகத்தானே என்று முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை. வீடு திரும்பும்போது, எப்படி இருந்தது என்று ஞானதுரை கேட்டான்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில அவ வேலைய விட்டுட்டு வந்து அடுப்பப் பத்தவைக்கிறா பாருங்க, அங்கன எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. அந்த மனுசன் நல்லாத்தான பொங்கிக்கிட்டு இருந்தாரு? நானா இருந்தா விடமாட்டேன்" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஞானதுரைக்குச் சுருக்கென்றது. காரணம், அன்று காலையில் மண்டி டீக்கடையில் நடந்தது. அம்மாவாசி என்ற சுமைக்காரன், படத்துக் கதாநாயகன் கரண்டியும் கையுமாக நிற்பதைப் பார்த்தால் நம்ம டீச்சர் வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறதே, உங்க வீட்டில் யாருப்பா அடுப்பு என்று கேட்டிருந்தான். அவதான், வேறு யாரு என்று இவன் சொன்னபோது கடையே சிரித்தது. எவனுக்கோ தெரிந்திருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. அந்தச் சிரிப்பு ராத்திரி முழுக்க அவன் காதில் இருந்தது.

மறுநாள் வண்டி மண்டி முக்கில் நின்றது. டீக்கடையில் அதே கூட்டம். மைக் கைக்கு வந்ததும் குரலும் வந்துவிட்டது.

"நமது ஊர் ஆசிரியை திருமதி கிருபாவதி அவர்கள் கூறுகிறார்கள்! பெண்ணுக்கு உத்தியோகம் எதற்கு? கணவனுக்குச் சமைத்துப் போடுவதே சொர்க்கம்! இந்தப் படத்தைப் பார்த்ததும் நானும் என் வேலையை விட்டுவிட முடிவு செய்துவிட்டேன்!"

டீக்கடையில் கைதட்டல். தட்டி இடுக்கு வழியாக அம்மாவாசியின் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஞானதுரைக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவில் தெருத்தெருவாகச் சொன்னான். பள்ளிக்கூடத் தெருவிலும் சொன்னான். அது பள்ளிக்கூடத் தெரு என்பது அவனுக்குத் தெரியும், வாய் நிற்கவில்லை.

மூன்றாம் வகுப்பு ஜன்னல் தெருவைப் பார்த்தது. பாடம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்றும், கிருபாவதி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வண்டிச் சத்தம் தேயும்வரை கரும்பலகையைப் பார்த்தே நின்றாள் என்றும் கஸ்தூரியம்மாள் பிற்பாடு அவனிடம் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நான் அப்படியா சொன்னேன்? வியாபாரத்துக்காகச் சும்மா சொன்னது என்றான். அவள் தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். அவன் பொங்கிய சோறு.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஞானதுரை தன் வாயால் பெண்டாட்டியின் பிழைப்பைக் கெடுத்தான். பள்ளிக்கூட மேனேஜர் சங்கரலிங்கத்துக்கு மைத்துனன் மகன் ஒருவன் இருந்தான், சண்முகராஜ் என்று. டிரெயினிங் முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். அவனை நுழைக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்த மனிதருக்கு, அந்தச் சாக்கைக் குழாய் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? அந்த வாரமே கூடிய குழுவில் கிருபாவதியின் பேச்சு எழுந்ததும், அந்தம்மாதான் வேலையை விடப்போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதே என்றாராம். எல்லாரும் கேட்டிருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. இடம் சண்முகராஜுக்குப் போனது.

செய்தி தெரிந்த அன்றே ஞானதுரை மேனேஜர் வீட்டுக்கு ஓடினான். அது அவள் சொன்னதில்லை, நான் கட்டிச் சொன்னது என்று அந்தக் கீச்சுக்குரலில் முறையிட்டான். சங்கரலிங்கம் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"மைக்குல சொன்னத வீட்டுக்குள்ள வந்து இல்லைன்னா எப்பிடித் தம்பி? மைக்குல சொன்னத மைக்குலதான மாத்தணும்?"

கேலிதான். ஆனால் அது நியாயம் என்று ஞானதுரைக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், கிருபாவதி அழவும் இல்லை, ஏசவும் இல்லை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். அந்தத் தாள்கள் புரளும் சத்தம்தான் அவனைக் கொன்றது.

மறுநாள் வண்டி மண்டி முக்கில் நின்றதும், ஒச்சாண்டி தடுக்கத் தடுக்க, சொன்னான்.

"பொதுமக்களே! நான் சொன்னது பொய்! ஆசிரியை கிருபாவதி அவர்கள் வேலையை விடுவதாகச் சொல்லவில்லை! படம் பார்த்துச் சிரித்தார்கள், கடைசிக் காட்சியில் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்! நானாக இருந்தால் விடமாட்டேன் என்றார்கள்!"

சொல்லச் சொல்லவே அவனுக்கு விளங்கிவிட்டது, காரியம் கெட்டது என்று. வருஷக்கணக்காகப் பழகிய நாக்கு. 'பொய்' என்ற சொல்லை, 'இன்றே கடைசி' என்று இழுப்பதுபோல் இழுத்தது. 'சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்' என்பதைச் சண்டைக்காட்சி மாதிரி ஏற்றி இறக்கியது. அழுகிற தொண்டையோடு பேசினான், வெளியே வந்தது விளம்பரம். டீக்கடையில் ஒருவன், அன்னைக்கு ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு, நல்லாத்தான்யா கிளப்பி விடுறாங்க என்றான். டீச்சரே சிரிக்காத கடைசி சீனா, என்னதான் அது, பார்த்துவிடுவோம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அன்று மேட்டினியில் பெண்கள் பக்கம் உட்கார இடமில்லை. நல்லகண்ணு அவனைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். சங்கரலிங்கமோ, ரெண்டில் எது விளம்பரம் எது நிஜம் என்று நான் எப்படிக் கண்டேன் என்று கையை விரித்தார்.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.  மைக்கில் சொன்னதைக் கேட்டாயா என்று ஞானதுரை கிருபாவதியிடம் கேட்டான். கேட்டேன், எப்பவும்போல நல்லாப் பேசினீக என்றாள். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

கடமலைக்குண்டில் அவளுடைய அத்தை ஞானபாக்கியம் இருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினாள். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வரலாம். போகாதே என்று சொல்ல ஞானதுரைக்கு வாய் ஏது? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நாள், விடிவதற்கு முன் எழுந்து புளிச்சோறு கிளறித் தூக்குச்சட்டியில் அடைத்துக் கொடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான்.

தேனி பஸ் நிரம்பியிருந்தது. கிருபாவதிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் கூடைக்காரி இருளம்மாள், தேனிச் சந்தைக்குப் போகிறவள். பஸ்ஸின் மேலே வாழைத்தாரை அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தவன், வேறு யார், அம்மாவாசிதான்.

"என்ன டீச்சர், வேலைய விடப்போறேன்னு மைக்குல சொன்னீக. இப்பப் பெட்டியோட கெளம்பிட்டீக?" என்றாள் இருளம்மாள்.

கிருபாவதி ஜன்னலுக்கு வெளியே நின்ற கணவனைப் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை, சும்மா பார்த்தாள். ஞானதுரை ஜன்னல் கம்பியைப் பிடித்தான்.

"அவ சொல்லல. நாந்தான் சொன்னேன். பொய்."

பாதி பல்லுக்குள் நின்றது. கேக்கலையே, ஒரக்கச் சொல்லுங்க என்றாள் இருளம்மாள். மறுபடி சொன்னான். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மேலே கயிறு இழுபடும் சத்தம் நின்றது.

"எம்பேர்லயும் அப்பிடித்தான் சொன்னீக. சரி, கட்டுன பொண்டாட்டி மேல எதுக்குச் சொன்னீக?"

இத்தனை நாளில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. கிருபாவதி கூடக் கேட்டதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். இருளம்மாள் அதற்குமேல் அவனை விட்டுவிட்டாள். அவள் மூக்கு தூக்குச்சட்டிப் பக்கம் போயிருந்தது. புளிச்சோறு மணக்கிறதே, விடியுமுன்னே எழுந்து கிளறினீர்களா டீச்சர் என்று கேட்டாள்.

"நான் எங்க கிண்டுனேன்? எங்க வீட்டுல அடுப்பு அவுகளுது. கலியாணம் ஆன நாள்லருந்து அவுகதான் பொங்குறாக" என்றாள் கிருபாவதி. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிற குரல். பஸ் முழுக்கக் கேட்டது.

ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டான். டீக்கடையில் கேட்ட அந்தச் சிரிப்பு இப்போது வரும், மேலேயிருந்தும் உள்ளேயிருந்தும் வரும் என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குடுத்து வச்சவுக. எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு, வெந்நி வைக்கத் தெரியாது" என்றாள் இருளம்மாள். பின் சீட்டில் ஒரு பெண், எங்க வீட்டிலும்தான் என்றாள். அவ்வளவுதான். பேச்சு தக்காளி விலைக்குப் போய்விட்டது. அம்மாவாசி ஏணியில் இறங்கி, தார் கட்டியாச்சு, போகலாம் என்று கண்டக்டரிடம் சொன்னான். ஞானதுரையைத் தாண்டிப் போகும்போது பீடிக்கு நெருப்பு இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றதும் போய்விட்டான்.

பஸ் நகர்ந்தது. கிருபாவதி ஜன்னல் வழியாக, உளுந்து ஊறப்போட்டிருக்கிறது, மத்தியானத்துக்குள் ஆட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். இதை மறைக்கத்தானா என்று அவன் நினைத்தான். ஒருவரும் திரும்பிச் சிரிக்காத இந்த ஒன்றை மறைக்கத்தானா, அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்த இடத்தைத் தெருத்தெருவாகக் கூவி இன்னொருவனுக்குக் கொடுத்தேன்? வெட்கத்தில் அவனுக்குக் காது மடல் சுட்டது. பஸ் போன பிறகும் அதே இடத்தில் நின்றான். போகிறவர்கள் வருகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முகம் தெரியாதவன் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.