டாக்டர் வட்டம் போட்ட நாட்கள்

சனிக்கிழமை காலை ஏழு மணி, இருபத்தாறு பேர், முதல் ஆள் செல்வி. ஹட்டனில், பிள்ளையில்லாதவர்கள் வரும் தனியார் கிளினிக்கில், டாக்டரின் சிங்களத்தைத் தமிழில் சொல்வது என் வேலை. அடுத்தவர் பேச்சைப் பேசிப் பிழைக்கும் மொழிபெயர்ப்பாளர்களான உங்களுக்கும் தெரிந்திருக்கும்: தப்பு யாருடையதானாலும் முதல் ஏச்சு நமக்குத்தான்.

நான்கு மாத மாத்திரை

செல்வி நல்லதண்ணிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கல்யாணமாகி ஏழு வருடம். அடுத்த சித்திரைக்குள் வயிற்றில் ஒன்று தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் என்று மாமியார் கெடு வைத்திருந்தாள். 2001இல் டாக்டர் கருமுட்டை வளர மாத்திரை எழுதி, கணவனோடு சேர்ந்திருக்க வேண்டிய நாட்களுக்குக் கலண்டரில் வட்டம் போட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

நான்கு மாதம் பலனில்லை. மாத்திரையைக் கூட்ட அவர் பேனாவை எடுத்தபோதுதான் கணவன் எங்கே என்று விசாரித்தேன். கணவன் மருதைக்குக் கொழும்பில் கடை வேலை. வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்.

"இத முதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"நீங்க கேக்கலயே மிஸ்."

ஒரே காம்பரா

தீபாவளிக்கு மருதை வந்தான். வட்டம் போட்ட நாட்களும் அதிசயமாகப் பொருந்தின. அப்படியும் ஒன்றுமில்லை. அந்த நாட்களில் சேர்ந்திருந்தார்களா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர்களுக்கு ஒரே காம்பரா, ஒற்றை அறை. அதில் மாமியார், கொழுந்தன், அவன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். செல்வி தலைநிமிராமல் சிரித்தாள்.

"மாமியார எங்க போயி படுக்கச் சொல்றதுன்னு டாக்டர கேளுங்க மிஸ்."

பிளாஸ்டிக் போத்தல்

பொங்கலுக்கு மருதையும் மாமியாரும் கூடவே வந்தார்கள். ஸ்கேனில் செல்வியிடம் குறையில்லை. டாக்டர் ஒரு சின்னப் போத்தலை மருதையிடம் நீட்டினார். விந்தைச் சோதிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"என்னங்க, ஒரு தடவதானேங்க. நான் நாலு மாசம் மாத்திர முழுங்கல?" என்றாள் செல்வி.

மாமியார் எழுந்துவிட்டாள். "எம் மகன் ஆம்பளடி. போத்தல நீயே வச்சிக்க."

செல்வி சித்திரையில் கொத்மலைக்கு, தாய்வீட்டுக்குத் திரும்பினாள். மருதைக்கு ஆவணியில் மறுகல்யாணம் நடந்தது. 2005 தை மாதம் மாமியார் இரண்டாவது மருமகளை எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிவந்தாள், மருதை வரவில்லை.