இடால்மிஸ் சொன்ன முடிவு

வலது கையைத்தான் முதலில் பிடிப்பாள். எதிரே வந்து உட்காருகிறவர் இடது கையை நீட்டினாலும் அதை மேசை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வலது கையை இழுத்துச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமுக்குவாள். அமுக்கின சூட்டோடு, "நேத்து படம் பாத்தியா, என் உசிரே?" என்று ஆரம்பிப்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். கியூபாக்காரர்களிடம் வலது கையைப் பிடுங்கிக்கொண்டால் பாதி வாயைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. அந்தக் கையை ஆட்டாமல் எதிர்வாதம் செய்யக் கமாகுவே ஊரில் இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை.

நகத்துக்குச் சாயம் பூசுவது இடால்மிஸுக்குத் தொழில். படம் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வது அவளுக்கு மூச்சு விடுவது. நல்ல படம், மோசமான படம் என்று ஒரே வார்த்தையில் அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. படத்தில் வருகிறவர்களை வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் போல எடை போடுவாள். மகன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்த விண்வெளிப் படத்தைப் பற்றி, "அவ்ளோ பெரிய கப்பல், ஒரு ஜன்னலைத் தொறக்க வழியில்ல. நானா இருந்தா வேர்வையிலயே போயிருப்பேன்" என்றாள். கொரியத் தொடர்களைப் பற்றி, "அழகா அழுவாங்க, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா வாசல்ல செருப்பு மாத்துறதுலயே பாதி நேரம் போயிருது." கொட்டகையில் ஒரு கொலைப் படம் பார்த்தபோது, கொலைகாரன் யார் என்று முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். தின்ற தட்டை மேசையில் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனானாம். கண்டுபிடித்ததைக் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். டிக்கெட் கிழிக்கும் ஆர்சேனியோ டார்ச்சோடு வந்து அவள் முகத்தில் வெளிச்சம் அடித்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது.

அவள் பேச்சுக்கு ஊரில் இத்தனை மதிப்பு வந்ததற்குக் கரண்டும் ஒரு காரணம். டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டை பேட்டையாகக் கரண்டு போகும். சிலர் கல்யாணம் வரை பார்த்திருப்பார்கள், சிலர் கப்பல் கிளம்பும் வரை. இடால்மிஸின் வீடோ ஆஸ்பத்திரி மதிலை ஒட்டினாற்போல் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கரண்டை நிறுத்த மாட்டார்கள் என்பதால், அதே கம்பியில் தொங்கும் அந்த வரிசை வீடுகளுக்கும் நிற்காது. மற்ற வீடுகளில் இருப்பவர்கள் எல்லாரும் இரவு வேலைக்குப் போகிற நர்ஸுகள். ஆகவே எந்தப் படத்தின் முடிவும் கடைசியில் இடால்மிஸின் மேசைக்குத்தான் வந்து சேர வேண்டும். திங்கட்கிழமை காலையில் நகம் நன்றாக இருக்கிறவர்கள்கூட வந்து உட்காருவார்கள்.

இதில் ஒரு சங்கதி இருந்தது. அது அவளுக்கும் அவள் புருஷன் லெயோவுக்கும் மட்டும்தான் தெரியும். கரண்டு போகாத வீட்டில் இருந்துகொண்டு அவள் எந்தப் படத்தையும் முடிவு வரை பார்த்ததில்லை. ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே பார்ப்பாள். நாற்காலி நின்றுவிட்டால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். லெயோ எழுப்ப மாட்டார். எழுப்பினால், "கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்" என்று சண்டைக்கு வருவாள். அவர் சத்தமில்லாமல் பேஸ்பாலுக்கு மாற்றிக்கொள்வார். காலையில் அவள் யார் கையையோ பிடித்துக்கொண்டு முடிவைச் சொல்லும்போது, அடுத்த அறையில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே அவரும் கேட்பார். அவருக்கும் அது புதுக் கதைதான்.

பொய் என்று இடால்மிஸ் அதை நினைத்ததே இல்லை. முக்கால் படம் பார்த்தவளுக்கு அந்த மனுஷர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரியாதா?

ஒருநாள் ஒரு ரொட்டிக்கடைக்காரி படம் டிவியில் வந்தபோது ஊரில் ஒரு பேட்டை பாக்கி இல்லாமல் கரண்டு போய்விட்டது. கதை நடப்பது துறைமுகத்து ஊர் ஒன்றில். புருஷன் வெளிநாடு போகிறான், கூட்டிக்கொள்வதாகச் சொல்கிறான், கூட்டிக்கொள்ளவில்லை. அவள் தனியாகவே அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து, கடையை நடத்துகிறாள். தலை நரைக்க ஆரம்பிக்கும்போது அவன் பெட்டியோடு வந்து கதவைத் தட்டுகிறான். தட்டின இடத்தில் ஊர் இருட்டாகிவிட்டது. இடால்மிஸின் நாற்காலியும் நின்றுவிட்டது.

மறுநாள் முதலில் வந்தவள் தயாமி. அவள் புருஷனும் அப்படிப் போனவன்தான். வருகிறேன் என்று அந்த வாரம்தான் செய்தி அனுப்பியிருந்தான். கையை நீட்டிவிட்டு, கதவைத் திறந்தாளா இல்லையா என்று மட்டும் கேட்டாள். மற்ற நாட்களில் முடிவு சொல்வதற்கு இடால்மிஸ் யோசித்ததே கிடையாது. அன்றைக்குக் கொஞ்சம் யோசித்தாள்.

"தொறந்தா கண்ணு. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு காப்பி குடுத்தா. குடிச்சு முடிச்சதும், 'கப்பைக் கழுவி வை'ன்னா. அவன் கழுவினான். 'இன்னிக்கு உங்க அம்மா வீட்ல படுத்துக்கோ'ன்னு சொல்லிட்டு மாவு பிசையப் போயிட்டா. அவ்வளவுதான் படம்."

புருஷன் வந்தான். தயாமி காப்பி கொடுத்தாள், கப்பைக் கழுவச் சொன்னாள், அம்மா வீட்டுக்கு அனுப்பினாள். அவன் தினமும் மத்தியானம் வந்தான், காப்பி குடித்தான், கப்பைக் கழுவிவிட்டுப் போனான். அவளுடைய மாமியார் தெருவெல்லாம் சொல்லி அழுதாள். தயாமி யாருக்கும் பதில் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் அதே படம் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. முன்கூட்டியே போட்டுப் பார்த்த ஆர்சேனியோ ரொட்டி வரிசையில் நின்றுகொண்டு, படத்தில் கப்புமில்லை காப்பியுமில்லை, வேண்டுமானால் சனிக்கிழமை எல்லாரும் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் விஷயம் ஆஸ்பத்திரி மதிலைத் தொட்டுவிட்டது. சாயங்காலம் தயாமி வந்தாள். உட்காரவில்லை. இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அவ கழுவச் சொன்னாளா, சொல்லலையா?"

பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல் இடால்மிஸுக்குப் பேச்சு வரவில்லை. சனிக்கிழமை சேர்ந்து போய்ப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. இத்தனை நாளும் அவள் முடித்து வைத்ததெல்லாம் திரைக்குள் இருக்கிறவர்களின் குடித்தனம். இது அடுத்த தெருக் குடித்தனம். தூங்கிப்போன குற்றத்தால் ஒருத்தி வீட்டைக் கெடுத்துவிட்டோமோ என்று நாற்காலியை நிற்காமல் ஆட்டிக்கொண்டிருந்தாள். லெயோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கிழவி, வயித்துவலின்னு சொல்லிட்டு வீட்லயே இரு."

"வயித்துவலின்னா ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கும்பாங்க" என்றாள்.

சனிக்கிழமை பகல் காட்சிக்குப் பெரிய தோடுகளைப் போட்டுக்கொண்டு போனாள். கொட்டகை நிரம்பியிருந்தது. அவளிடம் நகம் பூசிக்கொள்ளும் அத்தனை பேரும் விசிறியோடு வந்திருந்தார்கள். ஆர்சேனியோ அவள் டிக்கெட்டை மட்டும் நிதானமாக, நேர்கோட்டில் கிழித்தார். தயாமி கைகளைக் கட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாழ்நாளில் முதல் தடவையாக இடால்மிஸ் கரண்டு போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அன்றைக்கென்று பார்த்துப் போகவில்லை. தூக்கமும் வரவில்லை.

திரையில் அவன் கதவைத் தட்டினான். ரொட்டிக்கடைக்காரி ஓடி வந்து திறந்தாள். மாவு படிந்த கையோடு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வயலின்கள் பொங்கின. அடுத்த காட்சியில் கடையைப் பூட்டினாள், அவன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள், அவனுக்குப் பின்னால் கப்பலை நோக்கி நடந்தாள். வாசலில் ஆர்சேனியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இடால்மிஸ் தன் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஊரே தன் பக்கம் திரும்பப் போகிறது என்று காத்திருந்தாள்.

தயாமிதான் முதலில் பேசினாள். அவள் சத்தமாகச் சொல்லவில்லை, கொட்டகைதான் அவ்வளவு அமைதியாக இருந்தது.

"பெட்டியையும் அவளேதான் தூக்கணுமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்னொரு குரல், "முதல்ல கப்பைக் கழுவச் சொல்லுடி" என்றது. "கழுவச் சொல்லு" என்று பால்கனியிலிருந்து வந்தது. பிறகு யார் சொல்கிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. நாற்காலிக் கைப்பிடியில் தட்டினார்கள், தரையில் உதைத்தார்கள், கொட்டகை முழுக்க ஒரே தாளமாகத் திரையைப் பார்த்துக் கப்பைக் கழுவச் சொன்னது. திரையில் இருந்தவள் காதில் வாங்காமல் பெட்டியோடு கப்பலேறினாள்.

ஆர்சேனியோ விளக்கைப் போட்டு, படத்தில் இருப்பது இதுதான், எடுத்தவர்கள் இப்படித்தான் எடுத்தார்கள் என்று கையை விரித்தார். தயாமியின் மாமியார் மூன்றாவது வரிசையில் இருந்தாள். மகன் வந்த நாள் முதல் அழுதுகொண்டிருந்தவள் அவள்தான். விசிறியை மடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எடுத்தவன் வீட்ல எவனும் இப்படி விட்டுட்டு வெளிநாடு போயிருக்க மாட்டான், ஆர்சேனியோ. அந்தப் பொண்ணு பாடு அவனுக்கு என்ன தெரியும்? இடால்மிஸ் சொன்னதுதான் சரி."

தயாமி தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடால்மிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிபட்டது வலது கை.

வெளியே வெயிலில், வாசற்படியில் நின்றபோதுதான் இடால்மிஸுக்குக் குரல் திரும்பி வந்தது. சுற்றி நின்றவர்கள் அபிப்பிராயம் கேட்டார்கள்.

"நடிப்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "முடிவைத்தான் சரியாப் பாக்காம எடுத்துட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை இரவு டிவியில் வேறு ஒரு படம். பாதியில் ஊரெல்லாம் கரண்டு போனது. ஆஸ்பத்திரி மதில் ஓரத்தில் ஒரு நாற்காலி ஆடி, மெதுவாக நின்றது.

திங்கட்கிழமை காலையில் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் ஆர்சேனியோ. டிக்கெட் மை ஏறிய நகங்களை மறைத்துக்கொண்டு, சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். தெருவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு, தன் பேட்டையில் பாதிப் படத்திலேயே கரண்டு போய்விட்டது என்றும், அந்த டாக்டர் கடைசியில் பிழைத்தானா என்றும் கேட்டுக்கொண்டே, ஜாக்கிரதையாக இடது கையை நீட்டினார்.

இடால்மிஸ் அந்தக் கையை மேசை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அவருடைய வலது கையை எடுத்துக் கிண்ணத்தில் அமுக்கினாள்.